அஞ்சலையின் பேச்சுக்கு என் மூஞ்சி

கேமராவைப் பார்க்காதீர்கள். நம் வேலையில் மற்றதெல்லாம் அப்புறம். வெயில், தாகம், காத்துக்கிடப்பது, ஆறிப்போன சாம்பார் சாதம் எல்லாமே சீக்கிரம் பழகிவிடும். இந்த ஒன்றுதான் பழகாது. ‘ஆக்‌ஷன்’ என்று சத்தம் வந்ததும் கண் தானாக அந்தக் கறுப்புக் கண்ணாடிப் பக்கம் ஓடும். ஓட விடாதீர்கள். எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! சொல்லும்போது “சரிக்கா, சரிக்கா” என்று தலையை ஆட்டுவீர்கள். அப்புறம் சாவு ஊர்வலத்தில் நடந்து வரும்போது கேமராவைப் பார்த்துச் சிரிப்பீர்கள். செத்தவனாக நடிக்கிறவன்கூட ஒழுங்காகப் படுத்திருப்பான், உங்களால் முடியாது.

கூட்டத்தில் நிற்கப் போகிற நம் குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நாலு வார்த்தை பேச வா என்று என்னைக் கூப்பிட்டார்கள். எனக்குக் கூட்டத்தில் நிற்க வரும், கூட்டத்துக்கு முன்னால் நிற்க வராது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் எழுதித் தருகிறேன். அஞ்சாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது எனக்கு. பிழை இருந்தால் சரிசெய்து படித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வடக்குத்து என்கிற ஊர். பக்கத்தில் நிலக்கரி மைன்ஸ்காரர்கள் குடியிருக்கிற நகரியத்தில், குவார்ட்டர்ஸ் வீடுகளில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். ஒருநாள் நான் வேலை செய்த பிளாக்கில் மரம் அடர்ந்த ரோட்டில் படம் எடுக்க வந்தார்கள். வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றவளை, “பச்சைப் புடவை அம்மா, அந்தக் கூடையோட அப்படியே ரோட்டைத் தாண்டிப் போங்க” என்றார் ஒருவர். போனேன். அன்றிலிருந்து சினிமாவில் ரோட்டைத் தாண்டிக்கொண்டே இருந்தேன். கல்யாண வீடு, கோர்ட்டு வாசல், பஸ் ஸ்டாண்டு, தேர்த் திருவிழா எல்லாவற்றிலும் இருந்திருக்கிறேன். எப்போதும் மூன்றாவது வரிசைதான். என் மகள் படத்தில் என்னைத் தேடித் தேடிக் கடைசியில் முதுகைக் கண்டுபிடிப்பாள். “இதுக்கா இவ்வளவு நேரம் நின்ன?” என்பாள். இதற்குத்தான் நின்றேன். நம் தொழிலில் முகம் தெரியாமல் இருப்பதுதான் தகுதி. ஒரு படத்தில் பளிச்சென்று தெரிந்துவிட்ட முகத்தை அடுத்த படத்தின் கூட்டத்தில் நிறுத்த மாட்டார்கள். “இந்தம்மா அந்தப் படத்துல வந்தவங்களாச்சே” என்று ஜனங்கள் கதையை விட்டுவிட்டு நம்மைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்களாம்.

போகப் போக ஆள் சேர்த்துக் கொடுக்கும் வேலையும் என் தலையில் விழுந்தது. அதில் பட்ட பாடு இருக்கிறதே! நகரியத்திலிருந்து வருகிறவர்கள் ஒரு தினுசு. வீட்டுக்காரர் மைன்ஸில் பர்மனென்ட். இவர்கள் பொழுது போக்க வருவார்கள். காய்ந்த வயலில் நின்று அழுகிற காட்சிக்கு ஒருவர் பவுடர் பூசி, பின் குத்தி, தலை நிறைய மல்லிகையோடு வந்து இறங்கினார். பூவை எடுங்கள் என்றதற்கு, “மழை பெய்யலன்னா பூ வச்சிக்கக் கூடாதா?” என்று என்னிடமே சண்டை. ஊர்ப்பக்கத்திலிருந்து வருகிறவர்கள் இன்னொரு தினுசு. அழச் சொன்னால் நிஜமாக அழுவார்கள். ‘கட்’ சொன்ன பிறகும் நிறுத்த மாட்டார்கள். ஒரு காட்சியில் மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்தவளைத் தூக்கி நிறுத்த எனக்கு டீ இடைவேளை முழுதும் போயிற்று.

இதையெல்லாம் சொன்னது உங்களைச் சிரிக்க வைக்க. இனி நடந்ததைச் சொல்கிறேன். நான் கூட்டத்தில் நிற்பதை ஏன் விட்டேன் என்று ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்களே, அதற்கும் இதுதான் பதில்.

நம் ஊர்ப்பக்கம் ஒரு படம் எடுக்க வந்தார்கள். ஒரு கெமிக்கல் கம்பெனி கழிவை ஏரியில் விடுகிறது, ஒரு விவசாயி எதிர்த்து நிற்கிறான், அதுதான் கதை. முந்திரித் தோப்பு ஓரம் தரிசாகக் கிடந்த நிலத்தில் கம்பெனி கேட் ஒன்றை மரத்திலும் அட்டையிலும் கட்டி, பெயர்ப்பலகை எழுதி, காவலுக்கு ஆள்கூட நிறுத்திவிட்டார்கள். அந்தப் பக்கம் போன ஒருவர் நிஜமாகவே வேலைக்கு ஆள் எடுக்கிறார்களா என்று கேட்டுவிட்டுப் போனார்.

பெண்கள் கறுத்த தண்ணீரைக் குடம் குடமாகக் கொண்டுவந்து கேட்டுக்கு முன்னால் இறக்கி வைக்க வேண்டும். கதாநாயகன் பேச வேண்டும். கேட்டுக்குப் பின்னால் மேனேஜராக நடிக்கிறவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். இவ்வளவுதான் காட்சி. இதற்கு நான் திரட்டிக்கொண்டு போன பெண்களில் ஒருத்தி அஞ்சலை.

அஞ்சலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பக்கத்துத் தெரு. அவளுக்குப் பண்ருட்டிப் பக்கம் கொஞ்சம் நிலமும் கிணறும் உண்டு. மணிலாக் கடலை போடுவாள், கத்திரி வைப்பாள். நிலத்துக்குப் பக்கத்தில், முந்திரி ஓட்டிலிருந்து எண்ணெய் எடுக்கிற கம்பெனி ஒன்று வந்தது. அதன் பெயர் இங்கே வேண்டாம். முந்திரி உடைக்கிற பெண்களுக்குத் தெரியும், அந்த எண்ணெய் பட்டால் தோல் வெந்துபோகும். அது கிணற்றில் இறங்கியது. அஞ்சலை போகாத ஆபீஸ் இல்லை, கொடுக்காத மனு இல்லை. கடைசியில் ஒருநாள் அந்தக் கம்பெனியின் சூப்பர்வைசர் வீட்டுக்கே வந்து, “உங்க பையனுக்கு வேலை போட்டுத் தரேம்மா. இனிமே மனு கினுன்னு அலையாதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். மகன் சிவராஜ் அப்போது வேலையில்லாமல் இருந்தான். கான்ட்ராக்டில் எடுத்துக்கொண்டார்கள். பர்மனென்ட் பண்ணுவோம், பண்ணுவோம் என்பார்கள், பண்ணவில்லை. அஞ்சலை அன்றைக்கு மூடிய வாய்தான். அவள் நிலம் போன கதை தெருவுக்கெல்லாம் தெரியும். அவள் வாயால் யாரும் கேட்டதில்லை.

வேனில் போகும்போது உதவி டைரக்டர் தம்பி கதையைச் சொன்னான். நல்ல பிள்ளை, பாவம், எல்லோரையும் ‘மேடம்’ என்று கூப்பிடுவான்.

“படம் முடியறப்ப அந்த விவசாயி ஜெயிக்கறாரா தம்பி?” என்று கேட்டாள் ஒருத்தி.

“ஜெயிக்கறாரு மேடம். கம்பெனிய சீல் வெக்கறாங்க.”

“அப்ப இது நெசக் கத இல்ல, வுடு” என்றாள் அஞ்சலை. வேனே சிரித்தது. நானும் சிரித்தேன். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

கதாநாயகனாக நடித்த பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை. அவனைக் குற்றம் சொல்ல முடியாது. செருப்பு இல்லாமல் அந்தச் சூட்டில் நிறுத்தியிருந்தார்கள். எழுதிக் கொடுத்திருந்த வசனமும் அப்படி. மண்ணைத் தாய் என்று ஆரம்பித்து, தாய்ப்பால் என்று போய், எங்கெங்கோ சுற்றித் திரும்பி வரும். ஒவ்வொரு முறையும் தாய்ப்பாலில் தடுக்கி விழுந்தான். “ஒன் மோர்” என்பார் டைரக்டர். நாங்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பப் போய், திரும்ப நடந்து வந்து, திரும்ப இறக்கி வைப்போம். குடத்திலிருந்தது கரியைக் கரைத்த தண்ணீர்.

“இதுல ஒரு நாத்தமும் இல்லியே” என்றாள் அஞ்சலை, குடத்துக்குள் மூக்கை விட்டு.

“சும்மா இருடி, படத்துல நாத்தம் தெரியாது.”

“மண்ணு தாயாமே. அப்ப எங்காத்தா யாரு?”

“அஞ்சல, வாய மூடிகினு நில்லு. அந்தத் தம்பி ஏற்கெனவே பயந்துகினு இருக்குது.”

“அது ஒன்னும் பயப்படல. அதுக்கு இன்னா சொல்றதுன்னு தெரியல. கெணத்துல தண்ணி எறச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்.”

அடுத்த டேக். குடங்களை இறக்கினோம். கதாநாயகன் முன்னால் வந்தான், வாயைத் திறந்தான், ஒன்றும் வரவில்லை. தாய் என்பதுகூட வரவில்லை. எல்லோரும் ‘கட்’டுக்காகக் காத்திருந்தோம். அந்த நேரத்தில் இரண்டாவது வரிசையிலிருந்து அஞ்சலை குடத்தைத் தாண்டி முன்னால் போனாள். மேனேஜராக நடித்தவருக்கு நேராக நின்றாள்.

“எழுந்து வா சார், காட்டறேன்” என்றாள். “கெணத்துல வாளிய வுட்டா, தண்ணிக்கு மேல மினுமினுன்னு ஆட கட்டிகினு நிக்குது. மொண்டு கத்திரிக்கு ஊத்துனா எல சுருண்டுகினு போவுது. என் கையப் பாரு. சோறு பெசைய முடியல, வெந்து கெடக்குது. மாடு வருது, மோந்து பாக்குது, என்னை ஒரு பார்வ பாத்துட்டுத் திரும்பிப் போவுது. நான் அதுக்கு இன்னா பதில் சொல்றது? நீ வந்து சொல்லு. எங்கிட்ட சொல்ல வேணாம் சார். அந்த மாட்டுக்கிட்ட வந்து சொல்லு.”

அந்த மேனேஜர் சென்னைக்காரர். நடிக்கத்தான் வந்தவர். நாற்காலியை விட்டு நிஜமாகவே எழுந்துவிட்டார். டைரக்டர் ‘கட்’ சொல்லாமல், விரலால் கேமராக்காரருக்கு ஜாடை காட்டினார். கிட்டே போ, அந்தம்மா மூஞ்சிக்குப் போ. தோளில் கேமராவை வைத்துக்கொண்டு அவர் கூட்டத்துக்குள் நுழைந்து வருகிறார்.

அஞ்சலை நிறுத்தவில்லை. “முந்திரி ஓட்ட எரிச்சி எண்ண எடுக்கறவன் நீ” என்று அடுத்ததை எடுத்தாள். படத்தில் வருவது கெமிக்கல் கம்பெனி. முந்திரி ஓடு இவள் கதையில்தான் இருக்கிறது. இன்னும் ரெண்டு வார்த்தை போனால் கம்பெனி பெயர் வரும், சூப்பர்வைசர் பெயர் வரும். அதுவும் அவள் மூஞ்சியோடு, இவ்வளவு பெரிய திரையில். சிவராஜ் அப்போது அந்தக் கம்பெனியில்தான் ஷிப்டில் இருந்தான்.

சத்தம் போட்டு நிறுத்தியிருக்கலாம் என்று பிற்பாடு எல்லோரும் சொன்னார்கள். எனக்குச் சத்தம் வந்தால் நான் ஏன் மூன்றாவது வரிசையில் நிற்கிறேன்? குரல் வரவில்லை. கால்தான் போயிற்று. அஞ்சலைக்கும் கேமராவுக்கும் நடுவில் போய் நின்றேன். அந்தக் கண்ணாடி என் மூக்குக்கு நேராக இருந்தது. ஆயுசு முழுக்க எதைப் பார்க்காதே என்று சொன்னேனோ, அதையே கண் கொட்டாமல் பார்த்தேன். எனக்குப் பின்னால் அவள் பேசிக்கொண்டே இருந்தாள், கம்பெனி பெயர் இன்னும் வரவில்லை. முன்னால் நான் அசையாமல் நின்றேன். டைரக்டரும் உடனே கத்தவில்லை. அவருக்கு என்ன நடக்கிறதென்று புரிய நேரம் பிடித்திருக்கும். அதற்குள் என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அழுகை இல்லை, இமைக்காமல் பார்த்ததால்.

“கட்! கட்! யாருங்க அந்தம்மா?”

“ஏஜென்ட் சார்” என்றான் மேடம் தம்பி மெதுவாக.

“ஏஜென்ட்டா? கேமராவைப் பாக்கக் கூடாதுன்னு மத்தவங்களுக்குச் சொல்லிக் குடுக்கறவங்களா?”

யூனிட்டே சிரித்தது. நான் என்ன சொல்வது? காரணத்தைச் சொன்னால் அதுவே வெளியே போய்விடும். “வெயில்ல தலை சுத்திடுச்சுங்க” என்றேன். ஒரு பாட்டில் தண்ணீரைக் கொடுத்து நிழலில் உட்கார வைத்தார்கள். இத்தனை வருடம் கட்டிக் காத்த பெயர் ஒரு தண்ணீர் பாட்டிலில் முடிந்தது.

சாப்பாட்டு வேளையில் அஞ்சலை தட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். நன்றி சொல்ல வருகிறாள் என்று நினைத்தேன்.

“யாரு உன்ன கேட்டா?” என்றாள்.

“சிவராஜு வேல போயிருக்கும்டி.”

“போனா போவட்டும்னு நான் சொன்னா?”

“நீ அப்பிடிச் சொன்னியா?”

“நீ கேட்டியாக்கா? எத்தினி வருசமா தொண்டையில வச்சிகினு இருக்கறேன். இன்னிக்குத்தான் வந்துது. அதுவும் அட்ட கேட்டுக்கு முன்னால வந்துது. நீ வந்து மறிச்சிகினு நிக்கற, தேரு மாதிரி.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இவளுக்காக நான் மானம் கெட்டு உட்கார்ந்திருக்கிறேன், இவள் என்னைத் தேர் என்கிறாள். “போ, போய்ப் பேசு. இப்ப யாரும் மறிக்கல” என்றேன்.

அந்த நேரம் பார்த்து டைரக்டரே அவளிடம் வந்தார். நல்ல மரியாதையாக, “அம்மா, பிரமாதமா பேசினீங்க. சாப்பிட்டுட்டு அதையே இன்னொரு தடவை பேசிடலாமா? இந்தத் தடவை உங்க முகம் முழுசா வரும்” என்றார்.

அஞ்சலை என்னைப் பார்த்தாள். தட்டைப் பார்த்தாள். அவள் கை சோற்றில் அப்படியே இருந்தது. “மறந்து போச்சு சார்” என்றாள்.

திரும்பும்போது வேனில் தனித்தனி சீட்டு. தொலைந்தது விவகாரம் என்று நானும் இருந்துவிட்டேன்.

தொலையவில்லை. படம் வந்தபோது மேடம் தம்பி ஞாபகமாகப் போன் பண்ணினான். பண்ருட்டிக்குப் போய்ப் பார்த்தோம். அஞ்சலை என் பக்கத்து சீட்டில். பகை பகைதான், பஸ்ஸில் ஒன்றாகப் போவது வேறு. அந்தக் கேட் காட்சி வந்தது. கதாநாயகன் வாயைத் திறந்து பேச்சு வராமல் நிற்கிறான். அதையே வைத்துவிட்டார்கள். அஞ்சலையின் முதுகு ஒரு கணம் தெரிகிறது. அடுத்து, திரை முழுக்க நான்! கண்ணைக் கொட்டாமல் விழித்துக்கொண்டு, கன்னத்தில் தண்ணீர் வழிய, தியேட்டரில் இருக்கிற அத்தனை பேரையும் பார்க்கிறேன். பின்னால் அஞ்சலையின் குரல், வாளியும் கத்திரியும் மாடும். முந்திரி ஓடு வரைக்கும் இருந்தது, அங்கே நிறுத்திவிட்டார்கள். என் உதடு அசையவில்லை. ஆனால் பார்க்கிறவர்களுக்கு, இந்தம்மா மனசுக்குள் பேசுவதைத்தான் நாம் கேட்கிறோம் என்று தோன்றும்படி செய்துவைத்திருந்தார்கள். முன்வரிசையில் யாரோ விசில் அடித்தார்கள்.

நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். அஞ்சலை என் தொடையில் கிள்ளினாள்.

“என் பேச்சுக்கு ஒம் மூஞ்சியா?”

அந்தத் துண்டை யாரோ போனில் ஸ்டேட்டஸ் வைத்தார்கள். அப்புறம் ஊரே வைத்தது. நான் பாத்திரம் கழுவிய வீட்டுக்காரம்மா, “பச்சையம்மா, உனக்குள்ள இவ்வளவு இருக்கா?” என்று பிளாக் ரவுண்டானாவில் ஸ்கூட்டரை நிறுத்திக் கட்டிப்பிடித்தார். எனக்குள் ஒன்றும் இல்லை, தலை சுற்றியது என்று யாரிடம் சொல்வது? அடுத்து வந்த யூனிட்டில் என்னைக் கூட்டத்தில் நிறுத்த முடியாது என்றார்கள். இன்னொரு யூனிட், கேமராவை அதே மாதிரி ஒருமுறை பார்க்க முடியுமா என்று கேட்டது. முடியாது என்றேன். அத்தோடு என் மூன்றாவது வரிசை போயிற்று. உங்களை அனுப்பிவைக்கிற வேலை மட்டும்தான் மிச்சம்.

இது போதாதென்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் வீட்டு வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. ஓட்டி வந்தவன் சிவராஜ். பின்னால் உட்கார்ந்திருந்தவர் அந்தச் சூப்பர்வைசர். சிவராஜ் தலையைத் தூக்கவில்லை. நான் மாவு சலித்துக்கொண்டிருந்தேன். அஞ்சலை என் வீட்டுக்குள்தான் இருந்தாள், அரிவாள்மனை இரவல் வாங்க வந்தவள். பைக் சத்தம் கேட்டதும் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

“நீங்கதான அந்தப் படத்துல வந்தவங்க?” என்றார் அவர். கத்தவில்லை, நிதானமாகத்தான் கேட்டார். “குரல் எங்கியோ கேட்ட குரலா இருக்குதேன்னு எங்க ஓனர் சொல்றாரு. அப்ப மனுவோட வந்து நின்ன இவங்க அம்மா குரல் மாதிரி இருக்குதாம். இவனைக் கேட்டா தெரியாதுங்கறான்.”

இதற்காகத்தானே அன்றைக்குப் போய் நின்றேன், இப்போது பின்வாங்கினால் அது எதற்கு? “நான்தாங்க பேசினேன்” என்றேன்.

“உங்களுக்கு நெலம் இருக்குதா?”

“இல்லிங்க. சினிமாக்காரங்க சொல்லிக் குடுத்தாங்க. பேசினேன்.”

“அப்பிடியா? எங்க, பேசுங்க கேப்போம்.”

நான் சல்லடையைக் கீழே வைத்தேன். வெளியாள் ஒருவருக்கு முன்னால் நான் நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசியதே இல்லை. கேமராவைப் பார்க்காதே என்பதுபோல, மனிதர் முகத்தையும் பார்க்காமலேயே வளர்ந்தவள் நான். அன்றைக்குப் பார்த்தேன். பேசினேன். பள்ளிக்கூடத்தில் பாட்டு ஒப்பிப்பதுபோல்தான் வந்தது. கெணத்துல வாளிய வுட்டா ஆட கட்டிகினு நிக்குது. கத்திரி எல சுருண்டுகினு போவுது. கை வெந்து கெடக்குது. நீ வந்து சொல்லு. முடித்துவிட்டேன்.

அவர் உதட்டைப் பிதுக்கினார். நம்பினாரா இல்லையா என்று தெரியவில்லை. “சரி, போலாம்டா” என்று பைக் பக்கம் திரும்பினார்.

சிவராஜ் பைக்கை எடுக்கவில்லை. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி சொன்னான்: “மாட்ட வுட்டுட்டாங்க.”

“இன்னாடா?”

“நடுவுல மாடு வரும். அத வுட்டுட்டாங்க. எங்கம்மா வூட்ல தூக்கத்துல அதத்தான் சொல்லிகினு இருக்கும். எனக்குச் சின்னதுலேர்ந்து தெரியும்.”

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது. இவனைக் காப்பாற்ற ஒருத்தி வாயை மூடினாள், இன்னொருத்தி தொழிலை விட்டாள், இவன் மாட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்! கதவுக்குப் பின்னாலிருந்து அஞ்சலை அரிவாள்மனையோடு வெளியே வந்தாள். சூப்பர்வைசர் ஓரடி பின்னால் போனார். அவள் அதைக் கவனித்து, அரிவாள்மனையை என்னிடம் கொடுத்தாள்.

“இவங்க சொன்னதுல உப்பே இல்ல சார்” என்றாள். “அது என் பேச்சு. நான் சொல்றேன், கேளு.”

முழுவதையும் சொன்னாள். அன்றைக்கு நான் மறித்ததால் நின்றுபோனதையும் சேர்த்துச் சொன்னாள். கம்பெனி பெயரைச் சொன்னாள், அவர் பெயரைச் சொன்னாள், வீட்டுக்கு வந்து வேலை தருகிறேன் என்று சொன்னதைச் சொன்னாள். தெருவில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து நின்று கேட்டார்கள். சிவராஜ் தலையைத் தூக்கி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். சூப்பர்வைசர் பைக்கில் ஏறவில்லை, நடந்தே பஸ் நிறுத்தத்துக்குப் போனார்.

வேலை போயிற்றா என்று கேட்பீர்கள். போகவில்லை! நான் அதைக் கேட்டபோது சிரிப்பதா, மாவுச் சல்லடையை எடுத்து அடிப்பதா என்று தெரியவில்லை. அந்தச் சூட்டில், அந்த எண்ணெயில் நிற்க வேறு ஆள் கிடைக்கவில்லையாம். மறுநாள் ஷிப்டுக்கு ஏன் வரவில்லை என்று அவர்களே போன் போட்டுக் கூப்பிட்டார்கள். இத்தனை வருடம் இதற்குத்தான் பயந்தோம். பர்மனென்ட் இன்னும் பண்ணவில்லை, இனி பண்ணவும் மாட்டார்கள். கிணறும் அப்படியேதான் கிடக்கிறது. படத்தில் சீல் வைத்ததோடு சரி. அஞ்சலை மறுபடியும் மனு கொடுக்கக் கிளம்பிவிட்டாள். ஷிப்ட் இல்லாத நாளில் சிவராஜ் பைக்கில் கொண்டுபோய் விடுகிறான்.

இதிலிருந்து உங்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். கேமராவைப் பார்க்காதீர்கள், தொழில் போய்விடும். தொழில் போனாலும் பரவாயில்லை என்று ஒருவருக்காகக் குறுக்கே போய் நிற்கிற நாள் உங்களுக்கும் வரலாம். நின்றது தப்பென்று நான் இன்றைக்கும் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு முன்னால் வேனில் எவ்வளவு நேரம் இருந்தது! அஞ்சலையிடம் நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவள் மகனிடமும் கேட்டிருக்கலாம். பக்கத்தில் நிற்கிறவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்காமலேயே நமக்குத் தெரியும் என்று நினைத்துக்கொள்கிறோம்.

அஞ்சலை இப்போதும் நம் குழுவில்தான் இருக்கிறாள். அவள் மூஞ்சி படத்தில் வரவில்லையே, அதனால் எல்லாக் கூட்டத்துக்கும் கூப்பிடுகிறார்கள். உங்களோடு வேனில் வருவாள். கதாநாயகன் பேச்சு வராமல் நின்றால் அவள் குடத்தைத் தாண்டி முன்னால் போகிறாளா என்று பார்த்துக்கொள்ளுங்கள். போனால், வழியை விட்டு நில்லுங்கள். நீங்கள் யாரும் மறிக்க வேண்டாம்.